நாலு பத்துக்கு விழும் நிழல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். அந்தக் கருவி இன்றும் நவரட்ணராஜாவின் அலுமாரிக்குள் இருக்கிறது. நடந்தது நடந்ததுதான்.

2007, ஓகஸ்ட். நவரட்ணராஜாவும் பாலேந்திரனும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், பேராதனையில் கடைசி வருடப் பொறியியல் மாணவர்கள். கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியவில் அன்னலட்சுமி அம்மாவின் வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தார்கள். மைக்ரோகொன்ட்ரோலரை வைத்து வெளிச்சத்தை அளக்கும் கருவி ஒன்றைத் திங்கட்கிழமைக்குள் செய்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

அறை வாசலில் ஒரு சென்சர், நடுவில் ஒன்று, மேசையில் ஒன்று. நிமிடத்துக்கொரு தடவை கருவி மூன்றையும் அளந்து, நேரத்தோடு பதிந்து வைக்கும்.

செவ்வாய், பின்னேரம் 4.10. நல்ல வெயில். வாசல் சென்சர் 240இலிருந்து 30க்கு விழுந்தது.

"முகிலாக்கும்," என்றான் பாலேந்திரன்.

முகிலென்றால் மூன்றும் அல்லவா விழவேண்டும்?

4.11. வாசல் 240. நடு... 30.

4.12. மேசை... 30.

சென்சரை மாற்றினார்கள். வயரை மாற்றினார்கள். புதனும் அப்படியே. வியாழன் மேசை எண் ஏறவேயில்லை. பாலேந்திரனின் கதிரைக்குப் பக்கத்தில், எட்டு நிமிடம், 30.

"ஆரோ பக்கத்தில நிக்கிறான் மச்சான்..." என்றான் பாலேந்திரன்.

வயர்கள் தொங்க, எண்கள் மின்ன, நவரட்ணராஜா கருவியைத் தூக்கிக்கொண்டு, அன்னலட்சுமி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு ஓடினான்.

"அம்மா, நாலு பத்துக்கு எங்கட அறைக்குள்ள ஆர் வாறது?"

அன்னலட்சுமி வயரைத்தான் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தம்பி. அத உள்ள கொண்டு போங்க."

தமிழ்ப் பிள்ளையின் கையில் வயரும் பற்றரியும் இருந்தால் ஊர் குண்டென்று நினைக்கும் காலம் அது! மடையன், பயத்தில் அதை மறந்துவிட்டான்.

வெள்ளி. ஒட்டுகிற ஈயம் முடிந்திருந்தது. வாங்கிவர நவரட்ணராஜா வெளிக்கிட்டான்.

"நாலு பத்துக்கு முந்தி வந்திடு. தனிய இருக்கேலாது."

"ஓம், வாறன்."

வந்தபோது 4.20. வீட்டு வாசலிலிருந்து புறப்பட்ட வான் ஒன்று வளைவில் திரும்பி மறைந்தது. அறையில் பாலேந்திரன் இல்லை; கதிரை கவிழ்ந்து கிடந்தது. கருவி மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்னலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"போன வருசமும் இந்த ரூம்ல ஒரு பையன் இருந்தான் தம்பி. ரேடியோ திருத்துவான். வயரைக் கண்டு பயந்து, சந்தியில நின்ன ஆமிக்காரங்ககிட்ட நான்தான் சொன்னேன். இதே நாலு பத்துக்குத்தான் வந்து தூக்கினாங்க. அந்தப் புள்ள திரும்பி வரவே இல்ல."

"இந்த முறை?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நவரட்ணராஜா கருவியை நிறுத்தாமலே அறையைப் பூட்டினான். இரண்டு நாள் கண்டி முழுக்கத் தேடினான். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

திங்கள் காலை வெட்கங்கெட்டு அறையைத் திறந்து, கருவியை எடுத்துக்கொண்டு பேராதனைக்குப் போனான். விரிவுரையாளர் தம்பிராஜா ஒவ்வொரு எண்ணாகச் சோதித்தார். பிழை ஒன்றும் இல்லை. பதிவைத் திறந்தார்.

"நல்லாச் செய்திருக்கிறீர். வியாழன் வரைக்கும் ஒராள்தான் நடந்து வாறார், என்ன?"

நவரட்ணராஜா பதிவை எட்டிப் பார்த்தான்.

"வெள்ளி ஒரே குழப்பம். சனி, ஞாயிறு ரெண்டு பேர். முதலாம் ஆள் நடுவுக்கு வரேக்க மற்றவர் வாசலில நிக்கிறார். மேசைக்குப் பக்கத்தில வந்து நிக்கிறவர் அந்த ரெண்டாம் ஆள்தான். அது ஆர், பாலேந்திரனோ?"

அந்த இரண்டு நாளும் அறைச் சாவி நவரட்ணராஜாவின் சட்டைப் பைக்குள்தான் இருந்தது.

பாலேந்திரனின் அம்மா இன்னும் மகனின் படத்தோடு அலைகிறார். அவரிடம் நவரட்ணராஜா இதைச் சொல்லவில்லை.