மருமகனின் பட்டை மீன்களும் என் தங்கமீனும்

தங்கமீனோடு எந்த மீனைச் சேர்த்து வளர்க்கலாம் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது: இன்னொரு தங்கமீனை. அதுவும் வாலின் நீளமும் உடம்பின் பருமனும் ஒத்த தங்கமீனை. இதைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். எங்கள் வீட்டில் இதை வாய் திறந்து சொல்வதற்குக் கச்சான் என்கிற அனல் மேல்காற்று தொடங்கியதிலிருந்து அது ஓயும் வரை காலம் எடுத்தது.

எங்கள் ஊரான காத்தான்குடியில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார்; பெற்றோர் பின்னால் நகர்வார்கள். ஹஜ் பெருநாள் முடிந்த கையோடு எங்கள் மகளின் கலியாணம் நடந்தது. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமையே நானும் மனைவியும் கட்டில், அலுமாரி, என் புத்தகங்கள் எல்லாவற்றோடும் குசினிக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளுக்கு மாறிவிட்டோம். இதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. என் மாமனாரும் இதே அறைகளில்தான் இருந்தார்.

மீன் தொட்டி மட்டும் ஹோலிலேயே நின்றுவிட்டது. பின்னறையில் மேற்கு யன்னலால் பிற்பகல் வெயில் நேரே விழும். தங்கமீன் குளிர்ந்த நீருக்குப் பிறந்தது. எங்கள் ஊர்ச் சூட்டில் அது இருப்பதே பெரிய விட்டுக்கொடுப்பு. ஆகவே தொட்டி அங்கேயே இருக்கட்டும், நான் காலையும் மாலையும் போய்ப் பார்த்துக்கொள்வேன் என்று மகளிடம் சொல்லி வைத்தேன்.

அதற்குள் ஒரே ஒரு மீன். நல்ல சிவப்பு, வயிறு வெள்ளை, உடம்பைவிட வால் நீளம். சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி அமாவாசையன்று, அமிர்தகழித் தீர்த்தத்துக்குப் போகிற சனம் தெருவை அடைத்திருந்ததால் நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது ஒரு கடையில் கண்டு வாங்கியது. அந்த வாலைச் சுமந்துகொண்டு அதனால் வேகமாகத் திரும்ப முடியாது. சாப்பாடு போட்டால் அது வந்து சேரும்போது பாதி அடியில் படிந்திருக்கும். தனியே இருக்கும்வரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

மருமகன் ஏறாவூர்க்காரர், நகரத்தில் ஒரு வங்கியில் வேலை. சத்தம் போட்டுப் பேசமாட்டார். என்னைக் கண்டால் கதிரையை விட்டு எழும்புவார். நான் ஹோலுக்குள் போனால் அவர் எழும்ப வேண்டியிருக்கிறதே என்று நான் போகும் நேரங்களைக் குறைத்தேன். நான் வராதது தன்னால்தான் என்று அவர் நினைத்தார் போலும். மாலையில் நான் மீனுக்குப் போடும் நேரம் பார்த்து முற்றத்துக்குப் போய் நிற்பார். எங்களுக்குள் பேச வேண்டியதெல்லாம் மகள் வழியாகவே போய் வந்தது.

ஒரு நாள் மகள் வந்தாள்.

"வாப்பா, அவர்ட மீனெல்லாம் அவங்கட உம்மாட வீட்ட கிடக்கு. பாக்க ஆளில்லயாம். இஞ்ச கொண்டு வந்தா ஒங்களுக்கு ஒண்டும் இல்லையா எண்டு கேக்கச் சென்னாரு."

"இது என்ன கேள்வி புள்ள. அவர்ட வீடுதானே."

அவர் தொட்டியோடு வருவார் என்று நினைத்தேன். கதவுக்கு இடப்பக்கம் இருந்த கதிரையை நகர்த்தி இடமும் ஒதுக்கி வைத்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வந்து இறங்கியபோது கையில் மூடி போட்ட ஒரு பெயின்ட் வாளி மட்டும் இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு மனைவியின் தம்பியும் வந்திருந்தார். எல்லோரும் சுற்றி நிற்க மூடியைத் திறந்தார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள், டைகர் பாப் என்கிற மீன்கள். இந்த மீனைப் பற்றி நான் வாசித்த எந்தக் கட்டுரையும் இரண்டாம் பந்தியைத் தாண்டும் முன் அதன் கெட்ட பழக்கத்தைச் சொல்லாமல் விட்டதில்லை. நீளமான செட்டையோ வாலோ கண்டால் ஓடிப் போய்க் கடித்துவிட்டு வரும். அதற்குப் பசி வேண்டியதில்லை. நீளமாக ஏதாவது அசைந்தால் போதும்.

"வாப்பா, ஒங்கட தொட்டிக்குள்ள விடட்டா எண்டு கேக்கிறாரு," என்றாள் மகள்.

மருமகன் வாளியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். புது மாப்பிள்ளை. வந்த வீட்டில் முதன்முதலாகத் தன் பொருள் ஒன்றைக் கொண்டுவந்து நிற்கிறார். அவரிடம், இங்கே இடமில்லை, வேறாக வையுங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? அதை மச்சினன் ஏறாவூர் வரைக்கும் கொண்டுபோய்ப் பரப்பிவிடுவார்.

"விடுங்க மருமகன், விடுங்க," என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "நீங்க செல்றதெண்டாச் சரி மாமா."

அந்தத் தயக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் கிழமை ஏழு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் கிழமை வாலின் கீழ்நுனியில் ஒரு பிறைத் துண்டு காணாமல் போயிருந்தது. பிறகு ஓரம் முழுவதும் பல்லிழந்த சீப்பு மாதிரி ஆனது. நான் போடும் சாப்பாட்டைப் பட்டை மீன்கள் மேலேயே முடித்துவிடும்; தங்கமீன் மெல்ல ஏறி வரும்போது வெறும் தண்ணீர்தான். அது கற்களுக்குப் பின்னால் ஒதுங்கத் தொடங்கியது.

"நேர செல்லுங்களன். நாக்கு இரிக்கிறது எதுக்கு?" என்றாள் மனைவி.

"சொல்லலாம். ஒரு முறை இரிக்கி."

"முறைய பாத்துக்கு இரிங்க. வால் முடிஞ்சா மறுகா தலையிரிந்து திங்கும்."

சரி என்று ஒரு மாலை துணிந்து ஹோலில் உட்கார்ந்தேன். மருமகன் எழும்பினார். இருக்கச் சொன்னேன். மின்வெட்டைப் பற்றிப் பேசினோம். வவுணதீவுப் பக்கம் வேளாண்மைக்குத் தண்ணீர் காணாது என்று பேசினோம். அதன் பிறகு தொட்டியைப் பார்த்தபடி, "இந்தப் பட்ட மீனுக்குக் குணம் கொஞ்சம் சூடுதான் என்ன," என்றேன். என்னால் முடிந்த அதிகபட்ச வெளிப்படை அதுதான்.

"ஓம் மாமா," என்றார் அவர், முகம் கவலையோடு. "வெளங்குது மாமா."

விளங்கிவிட்டது என்று மனைவியிடம் போய்ச் சொன்னேன். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மருமகன் ஒரு பொலித்தீன் பையில் இன்னும் பட்டை மீன்கள் வாங்கி வந்திருந்தார்.

மகளை விட்டு விசாரித்தேன். அவள் கேட்டு வந்து சொன்னாள்: "அது கூட்டமா வாழுற மீனாம் வாப்பா. ஆள் காணாட்டித்தான் மத்ததுகளக் கடிக்குமாம். ஆக்கள் கூடினா தங்களுக்குள்ளேயே அடிபட்டுக்கு இரிக்குமாம். நீங்க கவலப்பட்டத்துக்குத்தான் வாங்கினாராம்."

எரிச்சலிலும் எரிச்சல் என்னவென்றால், இது உண்மை. நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் அது குட்டை வால் மீன்களோடு சேர்க்கும்போது சரிவரும் உபாயம். என் மீனின் வால் திரைச்சீலை. திரைச்சீலைக்கு முன்னால் எந்தக் கூட்டமும் நல்ல கூட்டம் அல்ல.

எனக்குத் தங்கமீனை விற்ற கடைக்காரரிடமே போனேன். என்னைவிட இளையவர்; அண்ணனை அழைப்பதுபோல என்னைக் காக்கா என்பார்.

"காக்கா, எல்லாம் பழகிரும். மனிசரே பழகல்லையா?"

"பழக முதல் வால் முடிஞ்சிரும் தம்பி."

"அப்ப இந்தக் கண்ணாடி துடைக்கிற மீன் ஒண்ட கொண்டு போங்களன். அது ஒருத்தரோடயும் சண்டைக்குப் போகாது."

அந்த மீன், மற்றவை உறங்கும்போது தங்கமீனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அதன் தோல்மேல் உள்ள வழுவழுப்பை உறிஞ்சிவிடும். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "காக்கா கனக்க வாசிக்கிற," என்று சிரித்தார். வெறுங்கையோடு திரும்பினேன்.

கச்சான் காற்று நெருப்பாக வீசிய ஒரு பிற்பகல், கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டர் நின்றுவிட்டது. மகள் சமைத்துக்கொண்டிருந்தாள், மருமகன் வேலையில். ஹோலுக்குள் போய்ப் பார்த்தேன். தங்கமீன் ஒரு மூலையில் மேற்பரப்புக்கு வாயை வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வால் இருந்த இடத்தில் ஒரு கட்டை. கட்டையின் விளிம்பில் பஞ்சு மாதிரி வெள்ளை. பட்டை மீன்கள் அப்போதும் விடவில்லை. ஒவ்வொன்றாக வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போயின. இன்னும் ஓர் இரவு விட்டால் மீன் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

குளோரின் போக முதல் நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு பேசினில் ஊற்றி, கல்லுப்பும் கரைத்துக் கொண்டுவந்தேன். கைவலையை உள்ளே விட்ட நேரம் பின்னால் செருப்புச் சத்தம். மருமகன் அன்று நேரத்தோடு வந்துவிட்டார். திருடன் பிடிபட்ட மாதிரி நின்றேன். நேற்றுவரை என் வீடு, என் தொட்டி, என் மீன்.

அவர் பேசினைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து பேசினைத் தூக்கிப் பிடித்தார்; நான் மீனை வலையில் அள்ளி அதில் இறக்கினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "நீங்க எப்ப எடுப்பீங்க எண்டுதான் மாமா பாத்துக்கு இரிந்த நான்."

"என்ன?"

"இது ரெண்டும் சேராது மாமா. வாலக் கடிக்கும். சூடும் ஒத்து வராது. அதுக்குச் சூடு வேணும், இதுக்குக் குளிர் வேணும்."

"இது ஒங்களுக்குத் தெரியுமா?"

"பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிரிந்து வளக்கிறன் மாமா."

வலையோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப ஏன் மருமகன் விட்டீங்க?"

"நீங்க விடச் சென்னீங்க. மாமாவே செல்லும்போது சேராது எண்டு நான் எப்பிடிச் செல்றது? என்ட தொட்டி ஏறாவூர்ல சும்மாதான் கிடக்கு. வந்த ஒடன வேற தொட்டி வெச்சா, வேற உல வெக்கிறான் எண்டு நினைப்பீங்களோ எண்டு விட்டுட்டு வந்தன்."

குசினி வாசலில் அகப்பையோடு மகள் நின்றாள். நாங்கள் இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"என்ன ஏன் பாக்கிறீங்க? ஒருத்தர் செல்லச் சென்னத மத்தவருக்குச் சென்னன். செல்லாத எப்பிடிச் செல்ற?"

பின்னறையிலிருந்து மனைவியின் சிரிப்பு மட்டும் கேட்டது.

இத்தனை கிழமை. ஒரே கூரைக்குக் கீழே இந்த மீனைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் முதல் நாளே தெரியும். இருவரும் மரியாதையாக நின்று அதன் வாலைத் தின்னக் கொடுத்திருக்கிறோம். எதுவும் தெரியாத இரண்டு முட்டாள்கள் வளர்த்திருந்தால்கூட, ஒருவன் மற்றவனைத் திட்டியாவது இருப்பான். மீனுக்கு வால் மிஞ்சியிருக்கும்.

உடனே அடுத்த உபசாரம் தொடங்கியது.

"ஒங்கட மீன் ஹோல்லயே இரிக்கட்டும் மாமா. என்டதுகள நான் பின்னால எடுக்கிறன்."

"இல்ல மருமகன், ஒங்கட மீன்தான் ஹோல்ல இரிக்கோணும்."

"சே, அது சரியில்ல மாமா."

"ரெண்டு பேரும் மரியாத செஞ்சி முடிய மீன் மௌத்தாகிரும்," என்றாள் மகள். பேசினை அவர் கையிலிருந்து பறித்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

கிணற்றடியில் ஜம்பு மரத்தின் கீழ் ஒரு பழைய சீமெந்துத் தொட்டி இருந்தது. அகலமானது, நாள் முழுதும் நிழல். தங்கமீன் அங்கே போனது. நாலைந்து நாள் சாப்பிடவில்லை. உப்பையும் தண்ணீரையும் நான் மாற்றிக்கொண்டிருந்தேன். மருமகன் வேலைக்குப் போகுமுன் வந்து எட்டிப் பார்ப்பார்; அங்கே கதிரை இல்லாததால் அவர் எழும்பவும் வேண்டியதில்லை. பஞ்சு உதிர்ந்தது. கச்சான் அடங்கிய கிழமையில், கட்டையின் விளிம்பில் கண்ணாடி மாதிரி மெல்லிய புது வால் தெரிந்தது. பழைய நீளத்துக்கு அது வரும் என்று நான் நம்பவில்லை.

அதற்குப் பிந்திய சனிக்கிழமை மருமகன் கிணற்றடிக்கு வந்தார். மகள் கூட வரவில்லை. கையில் பையொன்று; உள்ளே ஒரு தங்கமீன். நீள வால், ஏறக்குறைய ஒரே பருமன். பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

"தனிய கிடக்குதே எண்டு வாங்கின மாமா. சேக்கட்டா? வேணாமெண்டா வேணாம் எண்டு செல்லுங்க."

பையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். செட்டையின் அடியில் ஊசிமுனை அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அழுக்காக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். அவர் முகத்தையும் பார்த்தேன். ஓம் என்ற சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"வேணாம்," என்றேன். "இப்ப வேணாம் மருமகன். கொஞ்ச நாள் வாளியில தனிய கிடக்கட்டும். நோயில்ல எண்டு தெரிஞ்சா மறுகா விடுவம்."

அவர் முகம் மலர்ந்தது.

"நானும் அதத்தான் நினைச்ச மாமா. செட்டைக்குக் கீழ புள்ளி இரிக்கி. கடையிலயே கண்டன்."

வாளியை எடுக்க நான் கிணற்றுப் பக்கம் திரும்பினேன். கண்டவர் அதைச் சொல்லிக்கொண்டல்லவா வந்திருக்க வேண்டும்.