தேடி வந்த மகன்

நாற்பத்தாறு வயதில் பொய் சொல்லிப் பிழைக்கவேண்டும் என்பது டேரலின் தலையெழுத்து. கொரியாவின் இஞ்சியோன் சந்தையில், சுன்ரே அக்காவின் பன்றிக்கறிச் சூப்புக் கடைக்குப் பாத்திரம் கழுவ வந்த முதல் நாளே அவள் கேட்டுவிட்டாள்.

"அமெரிக்காவை விட்டுட்டு எந்த மடையன்டா இங்க வருவான்?"

"பெத்த அம்மாவைத் தேடி வந்தேன்க்கா." நாலு வருடக் கட்டட வேலையில் தட்டுத்தடுமாறிக் கற்ற கொரியன்.

உண்மை வேறு. மூன்று வயதில் அமெரிக்காவுக்குத் தத்துப் போனவன். வளர்த்தவர்கள் சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள்; குடியுரிமைக்கு எழுதிப்போட மட்டும் மறந்துவிட்டார்கள். அடப்பாவிகளா, மறக்கிற காரியமா அது! இருபத்திரண்டு வயதில் குடித்துவிட்டு ஒருவனை அடித்துச் சிறைக்குப் போனான். இருபது வருடம் கழித்து அதைத் தோண்டியெடுத்து, நீ இந்த நாட்டுக் குடிமகனே இல்லை என்று கையில் விலங்கோடு விமானம் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகளும் அங்கேயே. இதை யாரிடம் சொல்ல? நினைத்தாலே உடம்பு கூசியது.

அக்காவுக்கு மனசு உருகிவிட்டது, அதுதான் வினை. "பிள்ளைன்னா இவன்! எனக்கும் ஒண்ணு இருக்கே, பக்கத்துத் தெருவுல இருந்துக்கிட்டு எட்டிப்பாக்காது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றினாள். போலீஸ் நிலையத்துக்கு இழுத்துப்போய் மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுக்க வைத்தாள். கிடைக்கவா போகிறாள் என்று அவனும் கொடுத்தான்.

கிடைத்துவிட்டாள். பெயர் மல்சுன், வயது எழுபது. அவள் கொடுத்த எச்சில் எட்டு வருடமாக அங்கே காத்துக் கிடந்ததாம். தூக்குப்பாத்திரத்தில் கடல்பாசிச் சூப்போடு கடைக்கே வந்தாள். பிறந்தநாளுக்குக் காய்ச்சுகிற சூப்பு. நாற்பத்துமூன்று பிறந்தநாள் போய்விட்டதே என்றாள்.

"டேய், விழுந்து கும்பிடுடா!" அக்கா பாய் விரித்தாள். அவன் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தான். சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னையாப்பா தேடி வந்த?" மல்சுன் கேட்டாள். "சோத்துக்கு வழியில்லாம, அநாதைன்னு எழுதிக் குடுத்தவளையா?"

ஆமாம் என்றால் முடிந்தது. அவனால் முடியவில்லை.

"இல்லம்மா. அங்கேயிருந்து துரத்திட்டாங்க. வேற போக்கிடம் இல்ல."

அவனுக்குத் தலை நிமிர முகமில்லை. பக்கத்தில் துணி சரசரத்தது. மல்சுன் மண்டியிட்டு, அவனைப் பார்த்து நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள். தாய் மகனை விழுந்து கும்பிடுவதாவது! சந்தையே பார்த்திராத கூத்து.

"ஐயோ, எழுந்திரிங்கம்மா."

"எந்த முகத்தோட எழுந்திரிப்பேன்?" என்றாள். "மொதல்ல துரத்துனவ நான்தானேப்பா."