பாட்டுப் போட்டுச் சோதித்த ஸ்பீக்கர்

தொண்ணூறுகளில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. அப்போது செங்கம் சாலையில் ஒரு பகுதிக்கு ஒலிபெருக்கி கட்டும் வேலை எங்கள் சவுண்டு சர்வீஸுக்கு வந்தது. கூட்டத்தில் தவறிப்போனவர்களைப் பற்றி அறிவிக்கத்தான் அந்த ஏற்பாடு. கடையில் நானும் என் மனைவியின் தம்பியும்தான். எனக்குக் காதுதான் எல்லாம். அவன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். சத்தத்தை அளக்கும் மீட்டர் ஒன்றைச் சென்னையிலிருந்து வாங்கிவந்து, பச்சைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றி வைத்திருப்பான்.

இதில் எங்களுக்குள் ஓயாத சண்டை.

"உன் டப்பாவுக்குப் பாட்டு தெரியுமா மச்சான்?" என்பேன்.

"உங்க காதுக்குக் காலைல ஒண்ணு தோணும், சாயந்தரம் ஒண்ணு தோணும் மாமா. மீட்டர் முள்ளு பொய் சொல்லாது" என்பான்.

அந்தச் சித்ரா பௌர்ணமிக்கு முதல் நாள் மட்டும் அதிசயமாக ஒத்துப்போனோம். கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டு, எப்போதும் சோதனைக்குப் போடும் அதே பழைய சினிமாப் பாட்டு கேசட்டைப் போட்டோம். அவன் மீட்டரோடு நடந்தான். சத்தம் கம்மியான இடத்திலெல்லாம் கூட்டச் சொன்னான். கடைசியில் எல்லாக் கம்பத்தடியிலும் முள் ஒரே கோட்டில் நின்றது. பின்னாலேயே நான் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். பல்லவி, சரணம் எதிலும் ஓர் எழுத்து பிசகவில்லை.

"இந்தத் தடவ ரெண்டு பேரும் பாஸ் மாமா" என்றான். சிரித்துக்கொண்டே டீ குடித்தோம்.

மறுநாள் மாலை என் மனைவி நாலு வயது மகளோடு கிரிவலம் கிளம்பினாள். பொழுது சாயுமுன் ஒரு போலீஸ்காரர் எங்கள் மைக் பந்தலுக்கு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழுது வீங்கிய முகம். என் மகள்! ஓடிப்போய் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மச்சான் மைக்கைப் பிடித்தான். அக்காவின் பெயரைச் சொல்லி, குழந்தை பந்தலில் பத்திரமாக இருக்கிறாள் என்று திரும்பத் திரும்ப அறிவித்தான். அவள் வரவே இல்லை. நெரிசலில் விழுந்து மிதிபட்டுவிட்டாளோ என்று பயந்தேன். மகளை அவனிடம் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தேன்.

நாலைந்து கம்பம் தள்ளி அவள் நின்றிருந்தாள். எங்கள் ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற குழந்தைகளின் முகத்தையெல்லாம் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே அவள் தம்பியின் குரல் அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

அறிவிப்பு கொஞ்சம் ஓய்ந்தபோது அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ஏங்க, புள்ளயக் காணோங்க! அப்போல இருந்து இதுல இன்னாவோ கத்திக்கினே இருக்காங்க, ஒண்ணுமே புரியலங்க!"

நான் அதிர்ந்துபோனேன். மறுபடி ஆரம்பித்த அறிவிப்பை முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டேன். இந்தக் கம்பத்துச் சொல்லின் மேல் பக்கத்துக் கம்பத்துச் சொல் சற்றுப் பிந்தி வந்து ஏறி மிதித்துக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும், அதனால் எனக்குக் கேட்டது. நேற்றைய பாட்டும் எனக்கு மனப்பாடம். அதை எந்த ஓட்டைக் குழாயில் போட்டாலும் என் காது இட்டு நிரப்பிக்கொண்டிருக்கும். மீட்டர் சத்தத்தைத்தான் அளந்தது. சொல் புரிகிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் சண்டை போட்ட நாங்கள், பாட்டைத் தெரியாத ஒருவரை நிறுத்திக் கேட்டுப் பார்த்ததே இல்லை.

"புள்ள கெடச்சுட்டா!" என்று அவள் காதருகே கத்தினேன். ஸ்பீக்கர் அலறலில் அவளுக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். என் முகத்தைப் பார்த்து ஏதோ விபரீதம் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கம்பத்தில் இறங்கிய ஒயரைப் பிடித்து, இருந்த பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். ஒயர் அறுந்து ஸ்பீக்கர் ஓய்ந்தது.

"புள்ள நம்ம பந்தல்ல இருக்கா" என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.