பூட்டுப் போட்ட போன்

அன்னூருக்கு மேற்கே மதன்குமாரின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொண்டவள் செவ்வந்தி. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் களை எடுத்தும் வாழைக்கு மண் அணைத்தும் காலம் தள்ளியவர்கள். அவள் பத்தாவது முடித்ததும் பனியன் கம்பெனி வேன் ஏறியவள். இடுப்பு வலி வந்து அந்த வேலையை விட்ட பிறகு பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் சென்னியப்பன் டைல்ஸ் ஒட்டுபவன். ஒரே மகள் கயல்விழி, ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போன் பாகங்களைப் பொருத்தும் வேலையில் சேர்ந்து விடுதியில் தங்கியிருந்தாள்.

மதன்குமாரின் பண்ணை கம்பிவலை போட்ட பழைய கொட்டகை அல்ல. பக்கமெல்லாம் கனத்த படுதாவால் அடைத்த நீளமான ஷெட். ஒரு முனையில் தண்ணீர் ஊறும் தட்டிகள், மறுமுனையில் ஆளுயர விசிறிகள். விசிறி சுற்றுகிறவரை உள்ளே ஊட்டிதான். நின்றுபோனால், சித்திரை வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே கோழிகள் சுருள ஆரம்பித்துவிடும். அதனால் கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஓடும்படி வைத்திருந்தார்கள். அதுவும் ஓடாவிட்டால், சுவரில் இருந்த அலாரம் பெட்டி முதலில் செவ்வந்திக்கும் பிறகு மதன்குமாருக்கும் போன் அடிக்கும். அந்தப் பெட்டியை நம்பித்தான் செவ்வந்தி மத்தியானம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்குச் சோறு தின்னப் போய்வந்தாள்.

அவளிடம் இருந்தது பட்டன் போன். சிம் பழைய கம்பெனியுடையது. பேசினால் கரகரக்கும், ரீசார்ஜும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் ஓடைப் பள்ளத்தில் இருந்த வீட்டின் அடுப்படியில் நின்றாலும் மணி அடிக்கும்.

போனை மாற்றவேண்டும் என்ற பேச்சை ஆரம்பித்தது மதன்குமார்தான். குஞ்சு கொடுத்து வளர்க்கச் சொல்லும் கம்பெனி, தினமும் வெப்பமானியையும் தீவனத் தட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவனை நச்சரித்தது. அவன் கோவையில் குடியிருந்தான். அக்காவே ஒரு நல்ல போன் வாங்கிக்கொண்டால் தேவலை என்று இரண்டு மூன்று தடவை சொன்னான்.

செவ்வந்தியின் ஆசைக்கு வேறு காரணம் இருந்தது. கயல்விழி எப்போது பேசினாலும் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன் என்ற இரண்டு சொல்லோடு முடித்துக்கொண்டாள். அந்தக் குரலுக்குப் பின்னால் மகள் எப்படி இருக்கிறாள் என்பதைப் பட்டன் போன் காட்டவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்று செவ்வந்தி நினைத்தாள்.

தை மாதக் கடைசியில் அன்னூர்க் கடைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த போன்களில் ஒன்று மட்டும் அவள் கைக்கு எட்டும் விலையில் இருந்தது. பெரிய திரை, மயில்கழுத்து நிறம். கடைப் பெண் அதில் செவ்வந்தியைப் படம் எடுத்துக் காட்டினாள். தன் மூக்குத்திக் கல் அத்தனை துல்லியமாக மின்னியதைச் செவ்வந்தி அதற்கு முன் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் பிறகு தெரிந்தது. அது ஒரு புதுக் கம்பெனி சிம்மோடு சேர்த்து விற்கும் போன். ஒன்றரை வருடத்துக்கு அந்த சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி உள்ளே பூட்டு. இருக்கிற நம்பரையே அந்தக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால்தான் இந்த விலை.

உடனே வாங்கிவிடவில்லை. காலனியில் அதே சிம் வைத்திருந்த ஒருத்தியிடம் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்து பார்த்தாள். ஷெட்டில் இரண்டு கோடு காட்டியது. பக்கத்துத் தோட்டக்காரர் ராசாத்தாளின் மேட்டில் முழுசாக எடுத்தது. ஓடையில் இறங்கியதும் ஒவ்வொன்றாக அணைந்து, வீட்டு வாசலில் ஒன்றுமே இல்லை. கூரை மேல் ஏறி நின்றும் பார்த்தாள்.

ராத்திரிச் சோற்றை ஷெட்டுக்குக் கொண்டுவந்த சென்னியப்பனிடம் சொன்னாள். அவன் சுற்றி வளைக்கவில்லை.

"போனு நல்ல போனுதான். அதப் பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கா வாங்கறோம்? நம்மூட்டுல சிம்மு எடுக்கோணுமல்ல?"

"ஊட்டுல இருக்கிறது மத்தியானம் ஒரு மணி நேரந்தானுங்க. மத்த நேரமெல்லாம் ஷெட்டுலதான கெடக்கறேன்."

பழைய கம்பெனியிலேயே வேறு சிம் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்றான் அவன். அதற்கும் மாசா மாசம் ரீசார்ஜ் போடாவிட்டால் வருகிற போனையும் நிறுத்திவிடுவார்கள், இரண்டுக்கும் அழ முடியாது என்றாள். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று அவனுக்குச் சொன்னதை அவள் தனக்கும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் கடைக்குப் போய் வாங்கிவிட்டாள். வாங்கியதை மட்டும் மதன்குமாரிடம் சொன்னாள். வீட்டில் எடுக்காது என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் மத்தியானமும் ஷெட்டிலேயே இரு என்பானோ என்ற பயம்.

புதுப் போனில் கயல்விழியின் முகத்தை முதன்முதலில் ராசாத்தாளின் மேட்டில் நின்றுதான் பார்த்தாள். அந்தி வெளிச்சம். மகள் சிரித்தாள், கை ஆட்டினாள். மெலிந்திருந்தாள். செவ்வந்தி சிரிக்கவில்லை.

"கண்ணு, வெளக்குகிட்டப் போ. கண்ணை நல்லா முழிச்சு மேல பாரு."

"எதுக்கும்மா?"

"பாருன்னு சொன்னேன்."

வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. போனின் நிறமாக இருக்கும் என்று கயல்விழி சொல்லிப் பார்த்தாள். இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை, குமட்டுகிறது, லீவு போட்டால் வேலை போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை என்பது பிறகு மெல்ல மெல்ல வந்தது. செவ்வந்தி ஷெட்டைச் சென்னியப்பனிடம் விட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை பஸ் ஏறிப்போய் மகளைக் கூட்டிவந்தாள். அன்னூர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள், காமாலை முற்றியிருந்தது. இன்னும் நாள் கடத்தியிருந்தால் ஈரல் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னபோது, செவ்வந்தி தன் மடியில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அதன் பிறகு அந்தப் போனைப் பற்றி யார் குறை சொன்னாலும் அவளுக்குப் பொறுக்காது. ஆனாலும் மத்தியானங்கள் அவளுக்கு நிம்மதியாக இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கு வருவாள். விசிறிச் சத்தம் கேட்கிறதா என்று ஓடைக்கு அந்தப் பக்கம் காதைத் திருப்புவாள். காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துச் சிலசமயம் கேட்கும், சிலசமயம் கேட்காது. கேட்காத நாளில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவாள். போய்ப் பார்த்தால் விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மாசி, பங்குனி இப்படியே போயின. கோழியும் ஒரு தொகுதி போய் அடுத்தது வளர்ந்து, லாரியில் ஏற்ற நாலைந்து நாள் இருந்தது. அந்தப் பருவத்தில் கோழிக்கு உடம்பு பெருத்திருக்கும், சூட்டைத் தாங்காது.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னியப்பனும் வீட்டில் இருந்தான். வீட்டிலேயே தேறிவந்த கயல்விழிக்கு அன்றைக்குத்தான் பழையபடி பசி எடுத்தது. அம்மா, பச்சைப்பயிறு கடைந்து குடு என்று அவளாகவே கேட்டாள். செவ்வந்தி ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பயிறு வேகவைத்துக் கடைந்தாள். மகள் தட்டை வழித்துத் தின்பதைப் பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். காற்று மேற்கிலிருந்து அடித்தது. விசிறிச் சத்தம் கேட்கவில்லை. எழுந்து போகவேண்டும் என்று நினைத்தாள். இன்னொரு வாய் சாதம் கேட்டாள் மகள். போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போதுதான் ராசாத்தாள் வந்தார். ஓடைக்கு மேலே தோட்டம் வைத்திருந்த அவர் அறுபது வயதுக்காரர். அந்த வெயிலில் காலில் செருப்பில்லாமல் வரப்பு மேலேயே ஓடி வந்திருந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"செவ்வந்தி, மதன் எனக்குப் போன் பண்றான். ஷெட்டுல பேனு நின்னுபோச்சாமா. உனக்கு அடிச்சா எடுக்கவே மாட்டேங்குதாமா."

செவ்வந்தி வாசலைத் தாண்டி ஓடினாள். ஓடையில் இறங்கியது, மறுகரை ஏறியது எதுவும் அவளுக்குப் பிறகு ஞாபகம் இல்லை. சென்னியப்பனும் ராசாத்தாளும் பின்னால் ஓடி வருவது மட்டும் கேட்டது. ஷெட்டை நெருங்க நெருங்க, எப்போதும் இருக்கும் இரைச்சல் இல்லாமல் ஊமையாகக் கிடந்தது அந்த இடம்.

கதவைத் திறந்ததும் இட்லிச் சட்டி மூடியை முகத்துக்கு நேராகத் திறந்ததுபோல் ஆவி அடித்தது. கோழிகள் கத்தவில்லை. இறக்கையை விரித்து, அலகைப் பிளந்து, விசிறிப் பக்கமாக ஒன்றன்மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. செவ்வந்தி படுதா இறக்கும் சக்கரத்தைப் பிடித்தாள். அது பாதியில் சிக்கியது. இரண்டு கையாலும் தொங்கி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது தெரியவில்லை. ஒரு பக்கம் இறங்கி வெளிச்சம் வந்ததும் அடுத்த பக்கத்துக்கு ஓடினாள். அங்கே ராசாத்தாள் ஏற்கெனவே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் சுற்றவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஜெனரேட்டர் அறையிலிருந்து சென்னியப்பனின் குரல் வந்தது. சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம்கூட வரவில்லை. பேட்டரிக் கம்பியைப் பாருங்க என்று செவ்வந்தி உள்ளிருந்து கத்தினாள். குவிந்து கிடந்த கோழிகளை இரண்டு கையாலும் வாரி வாரிப் பிரித்துப் போட்டாள். சில கைக்கு வரும்போதே தலை தொங்கியது. அவற்றைப் பார்க்க நேரமில்லை. பிரித்தால் அடியில் இருப்பது பிழைக்கும். வெளியே இரும்பில் கல் மோதும் சத்தம் கேட்டது. அதிர்விலேயே கழன்றிருந்த கம்பியைச் சென்னியப்பன் பேட்டரி மேல் அழுத்தி, கல்லால் தட்டி இறுக்கினான். ஜெனரேட்டர் இருமியது, நின்றது. மறுபடியும் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுழல ஆரம்பித்ததும் ராசாத்தாள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். செவ்வந்தி உட்காரவில்லை. செத்ததைப் பொறுக்கி வெளியே போட ஆரம்பித்தாள். விசிறிப் பக்கம் நெருக்கியிருந்தவற்றில் பெரும்பாலும் போயிருந்தன. மற்ற பக்கத்துக் கோழிகள் மெதுவாகத் தலை தூக்கித் தண்ணீரைத் தேடின.

மதன்குமார் கல்யாண வீட்டிலிருந்து பட்டுச் சட்டையோடு வந்து இறங்கினான். குவியலைப் பார்த்தான். செவ்வந்தியின் பக்கம் திரும்பினான்.

"நாலு தடவ அடிச்சனுங்க்கா. தொடர்பு எல்லைக்கு வெளியன்னே சொல்லுச்சு. எங்க போயிருந்தீங்க?"

கம்பி கழன்றதைக் காட்டி, அதன்மேல் எல்லாவற்றையும் போட்டிருக்கலாம். சென்னியப்பன் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தான். செவ்வந்தி முந்திக்கொண்டாள்.

"ஊட்டுலதான் இருந்தனுங்க தம்பி. புது சிம்மு எங்கூட்டுல எடுக்காதுங்க. வாங்கறப்பவே தெரியுமுங்க. உங்ககிட்டச் சொல்லாம உட்டுப்போட்டேன்."

மதன்குமார் அவள் கையைப் பார்த்தான். தோல் உரிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கார்ப் பக்கம் போனான். அங்கே நின்று திரும்பாமலே, "படத்துக்குன்னு நல்ல போன் வாங்கச் சொன்னது நானு. சிம்மு எடுக்குமான்னு நானுங் கேக்கல," என்றான்.

அதற்குப் பிறகு கோழி ஏற்றுகிறவரை அவன் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டை ஷெட்டுக்கே கொண்டுவந்து தின்றாள். கம்பெனி ஆள் வந்து செத்த கோழிகளைப் புதைத்த குழியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். வேலை இருக்குமா இல்லையா என்று தெரியாமல் அவள் காலி ஷெட்டைக் கூட்டிச் சுண்ணாம்பு அடித்தாள். கயல்விழி, என்னாலதான்மா என்று அழுதபோது, தின்ன சோத்துக்கு அழாத என்று அதட்டினாள். அந்தப் போனைத் தூக்கி எறிந்துவிடவேண்டும் என்று ஒரு மனசும், இதுதானே மகளைக் காட்டிக்கொடுத்தது என்று ஒரு மனசும் அவளை மாறி மாறி அறுத்தன.

சுண்ணாம்பு காய்ந்த அன்றைக்கு மதன்குமார் வந்தான். அடுத்த குஞ்சு எப்போது இறங்குகிறது என்று சொன்னான். செவ்வந்திக்கு அது போதும் என்றிருந்தது. ஆனாலும் மனதில் சேர்த்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். பூட்டை இப்போதே எடுக்க முடியாது என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். அந்தப் போனும் சிம்மும் அப்படியே இருக்கட்டும், கம்பெனிக்குப் படம் அனுப்ப ஆகும். அலாரத்துக்குப் பட்டன் போனில் பழைய கம்பெனியின் புது சிம் ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

"அந்த ரீசார்ஜு பண்ணைக் கணக்குலதானுங்க தம்பி வரோணும். அது கோழிக்குப் போடற தீவனம் மாதிரிங்க. என்ற கூலியில அத எடுக்க முடியாதுங்க."

அவள் இப்படிக் கேட்டு மதன்குமார் பார்த்ததில்லை. வெறும் ஷெட்டை ஒரு தடவை நீளமாகப் பார்த்துவிட்டு, சரீங்க்கா என்றான்.

குஞ்சு இறங்குவதற்கு முந்தின நாள் அவன் அலாரம் பெட்டியில் புது நம்பரைப் போட்டான். ஜெனரேட்டர் தானாக ஓடாதபடி நிறுத்தி வைத்துவிட்டு, மெயின் சுவிட்சைத் தானே இறக்கினான். செவ்வந்தி ஓடைக்கு அந்தப் பக்கம், தன் அடுப்படியில் பட்டன் போனை மேடைமேல் வைத்துவிட்டு நின்றாள். கயல்விழி பக்கத்தில். வெளியே ஒரு பைக் போனது. போன் சும்மா கிடந்தது.

பிறகு அது அதிர்ந்து மேடையில் நகர்ந்தது. மணி அடித்தது.

அவள் எடுத்து வைத்துவிட்டு, மதன்குமாரைக் கூப்பிட்டாள். வந்ததா என்று கேட்டான்.

"வந்துச்சுங்க தம்பி. இன்னொரு தடவ எறக்குங்க. இப்பக் கதவச் சாத்திப்போட்டுப் பாக்கறேன்."