முட்டி போடும் வேலை

ஏலாக்குறிச்சி டோமினிக் டைல்ஸ் போடுகிறவர். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே பதினாறு வருஷமாக எத்தனையோ வீட்டுத் தரைகளில் முட்டி போட்டே ஊர்ந்தவர். ஆனால் மனைவி ஆனி ரோஸ் வாயில் அவர் என்றைக்கும் கான்ட்ராக்டர்தான். அவள் பிறந்த வீட்டில் ஆம்பளைகள் எல்லாரும் வாத்தியார்கள். தங்கச்சி புருஷன் சவரியார் ஹெட்மாஸ்டர் வேறு. அவளும்தான் என்ன செய்வாள், பாவம். கேட்க நன்றாக இருந்ததால் டோமினிக்கும் திருத்தவில்லை.

குன்னத்தில் ஒரு வீட்டில் டைல்ஸ் பெட்டியோடு படி இறங்கியபோது இடது கால் பிசகி, முட்டிக்குள் ஏதோ டப்பென்று விட்டது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சவரியாரும் துணைக்கு வந்திருந்தார்.

"ஜவ்வு அறுந்துருக்கு, தானா ஒட்டாது" என்றார் டாக்டர். "சில பேருக்கு உடற்பயிற்சியே போதும். உங்களுக்கு நடக்கும்போதே முட்டி நழுவுது, ஆபரேஷன்தான் நல்லது. புது ஜவ்வுக்கு முட்டிச் சில்லுக்குக் கீழேருந்து நார் எடுக்கலாம், இல்ல தொடைக்குப் பின்னாலேருந்து எடுக்கலாம். என்ன வேலை பாக்குறீங்க?"

"கான்ட்ராக்டருங்க" என்று ஆனி ரோஸ் முந்திக்கொண்டாள்.

"முட்டியில இவ்ளோ காய்ப்பு இருக்கே?"

"கோயில்ல முட்டி போட்டுத்தாங்க ஜெபம் பண்ணுவாரு."

அடிப்பாவி! ஞாயிற்றுக்கிழமை பூசைக்கே பாதி முடிந்த பிறகு போய்ச் சேருகிற மனுஷன் அவர். ஆனாலும் சவரியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, டோமினிக் வாயைத் திறக்கவில்லை. டாக்டர், "ஜெபத்துக்குத்தானே, அப்ப முன்பக்கத்துலயே எடுத்துடுவோம், கெட்டியா நிக்கும்" என்று எழுதிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம், பயிற்சி சொல்லித்தர வந்த தமிழ்மொழி என்ற பெண் பேச்சுவாக்கில் சொன்னாள். "முன்பக்கம் எடுத்தா சில பேருக்கு முட்டி போடுறப்ப வலிக்கும்ணே. வருஷக்கணக்காக்கூட இருக்கும். கான்ட்ராக்டருக்கு என்ன, நின்னு வேலை வாங்குறவருதானே."

முட்டி போட முடியாவிட்டால் டைல்ஸ் எப்படிப் போடுவது? வேறு எந்த வேலை தெரியும்? டோமினிக் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

காலையில் டாக்டர் பேனாவோடு வந்து இடது காலில் அடையாளம் போடக் குனிந்தார். சவரியார் கட்டில் ஓரம் நின்றார். 'சொல்லுடா, இப்பச் சொல்லுடா' என்று டோமினிக்கின் மனசு அடித்துக்கொண்டது. கண்ணோ சவரியார் மேலேயே போனது.

"சார்" என்றாள் ஆனி ரோஸ். "அவரு டைல்ஸ் போடுறவருங்க. நாள் பூரா தரையில முட்டி போட்டாத்தான் எங்க வூட்டுல சோறு. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா?" டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, தொடைக்குப் பின்னால எடுக்குறேன். அதுலயும் வலியே வராதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. ஒம்பது மாசம் போனாத்தான் தெரியும்."

ஆனி ரோஸ் சவரியார் பக்கம் திரும்பினாள். "பெரம்பலூருல அவரு அளவுக்கு மட்டம் பாத்துப் போட ஆள் கெடையாதுங்க மாப்ள."

டோமினிக்குக் கண் கலங்கியது. ஊசியோடு வந்த நர்ஸ், "பயப்படாதீங்கண்ணே, வலிக்காது" என்றாள்.