மூன்று கை வைத்த ஜாக்கெட்

புதுச்சேரி பக்கம் உறுவையாறு கிராமத்தில், எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் கணவர் தையல் மெஷின் போட்டிருக்கிறார். முப்பது வருடமாக அளவு தவறாத கை. போன வருடம் ஒரு மத்தியானம், அவர் தைத்து வைத்த ஜாக்கெட்டை மடிக்க எடுத்தேன். அதில் மூன்று கைகள் இருந்தன. மூன்றாவது, முதுகின் நடுவில், ஒரு சுருக்கமும் இல்லாமல் அழகாகத் தைக்கப்பட்டிருந்தது.

"இன்னாங்க இது?"

"அவங்க அப்படித்தான் கேட்டாங்க."

"யாரு?"

வாசலைக் காட்டினார். அங்கே வெயில் மட்டும்தான் இருந்தது.

அளவு நோட்டைப் புரட்டினேன். பத்து நாளாகவே எழுத்து கோணிக்கொண்டு வந்து, கடைசிப் பக்கத்தில் வெறும் கிறுக்கலாகியிருந்தது. பகலெல்லாம் தூங்கினார்; ராத்திரி விழித்திருந்தார். மூச்சில் அழுகிய பழம் போல ஒரு இனிப்பு வாடை. மறுநாள் காபி கொடுக்கப் போன என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரும்மா? என் பொண்டாட்டி எங்க போயிட்டா?" என்று மரியாதையாகக் கேட்டார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் அவருடைய அக்கா ஓடி வந்தார். "இன்னாமோ காத்து ஏறிக்கிச்சுடி. இது என் தம்பியே இல்ல" என்று அழுதார். வேப்பிலை அடிக்க ஒருவரைக் கூட்டி வந்தார். தூங்கினால் சரியாகும் என்று மருந்துக்கடையில் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்ட மறுநாள் காலை என் கணவரை எழுப்புவதே பெரும் பாடாகிவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அரை மயக்கத்தில் இருந்தவரை இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார் டாக்டரம்மா. கைகள் தாமாகவே சிறகு போல மேலும் கீழும் அடித்தன.

"குடிப்பாரா?"

"தொட்டதே இல்லீங்க."

"சர்க்கரை?"

"பல வருஷமா இருக்கு. மாத்திரை ஒழுங்கா போட மாட்டாரு."

டாக்டரம்மா அவருடைய காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. கண்ணில் மஞ்சள். கால் வீக்கம் மெஷின் மிதிப்பதால், அரிப்பு துணித் தூசியால், தொப்பை உட்கார்ந்தே இருப்பதால் என்று எல்லாவற்றுக்கும் நான் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

"குடிச்சாத்தான் கல்லீரல் கெடும்னு இல்லம்மா. சர்க்கரை, கொழுப்பு, மஞ்சள்காமாலைக் கிருமி, எதாலயும் அதுல தழும்பு விழும். தழும்பு அதிகமானா ரத்தத்துல இருக்கிற விஷத்தை அதால சுத்தம் பண்ண முடியாது. அது மூளைக்குப் போயிடுது. தூக்க மாத்திரை இன்னும் மோசமாக்கிடுச்சு."

வயிற்றைச் சுத்தமாக்கி அந்த விஷத்தை வெளியேற்ற இனிப்பான ஒரு சிரப் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

விழுந்த தழும்பு போகாது, மேலே விழாமல்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். இப்போது அரை நாள்தான் தைக்கிறார். சிரப்பும் மாத்திரையும் என் பொறுப்பு. எங்களுக்கெல்லாம் காமாலைத் தடுப்பூசி போட்டாயிற்று. அந்த நாட்கள் எதுவும் அவருக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்காவுக்கும் சர்க்கரை உண்டு. "எனக்கு இன்னாத்துக்கு ஸ்கேனு?" என்று முறைத்தவரை இழுத்துக்கொண்டு போனேன். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது, தழும்பு இல்லை. இப்பொழுதே எடையைக் குறைத்தால் சரியாகிவிடுமாம். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்றிருந்தது. பஸ் ஏறும் வரை விடவில்லை.