ஐம்பது மில்லிமீட்டர் பெட்டி

என்னுடைய கைத்துப்பாக்கி என் வீட்டில் இருப்பதில்லை. மெர்கோங்கைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இருக்கும் எங்கள் சுடுதிடலின் ஆயுத அறையில், பதினோராம் எண் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கிறது. நான் இருப்பது கோலா கெத்திலில். ஞாயிறுதோறும் காலையில் காரோட்டிப் போய், உரிமத்தைக் காட்டிக் கையெழுத்திட்டு அதை வாங்குவேன். சுட்டு முடித்துத் துடைத்து, மறுபடி கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுப்பேன். ஐந்து குண்டுகள் கொள்ளும் சிறிய அரைத்தானியங்கித் துப்பாக்கி அது. ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். எத்தனை குண்டு சுட்டேன், எத்தனை புள்ளி எடுத்தேன், அன்று காற்று எப்படி என்பதெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

துப்பாக்கியில் நான் செய்த மாற்றங்களும் வரிசையாக அங்கே உண்டு. விசையின் எடை, உள்ளே இருக்கும் சுருள்வில் போன்றவற்றில் நான் கை வைப்பதில்லை. சட்டம் அதற்கு இடம் தராது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவர் அவற்றைச் சரிசெய்து சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கென்று மிஞ்சியது கைப்பிடிதான். எங்கள் சுடும் கழகத்தின் செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, பழைய பிளாஸ்டிக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, என் கைக்கென்றே ஒன்றைச் செதுக்கத் தொடங்கினேன்.

பலகை கொடுத்தவர் என்னோடு சுடுகிற நண்பர். என்னைவிட ஆறு வயது இளையவர், சுங்கைப் பட்டாணியில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கழிவில் கிடந்த ரப்பர் மரத் துண்டுகளில் கணு இல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைவிட முக்கியமாக, மாநில அணியின் நான்காவது இடத்தில் இருந்தவரும் அவர்தான். அணியில் இருப்பதே நான்கு பேர். இரண்டு ஆண்டுகளாக நான் ஐந்தாவது. முதல் ஆண்டு இரண்டு புள்ளியில் அவரிடம் தோற்றேன், அடுத்த ஆண்டு ஒரு புள்ளியில். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடியின் எண் ஏறிக்கொண்டே போகிறது. இந்த ஆண்டு இல்லையென்றால் இனி இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எழுதி வைத்திருந்தேன்.

ஏழு மாதம் செதுக்கினேன். இடப்பக்கம் ஒரு பாதி, வலப்பக்கம் ஒரு பாதி, இரண்டையும் சேர்க்க இரண்டு திருகாணிகள். வலப்பாதி உள்ளங்கைக் குழியில் போய் உட்காரவேண்டும். இடப்பாதியில் கட்டைவிரலுக்கு ஒரு மேடை. போட்டி விதிப்படி துப்பாக்கி முழுவதும் ஒரு மரப்பெட்டிக்குள் இடிக்காமல் இறங்கவேண்டும். அந்தப் பெட்டியின் ஆழம் ஐம்பது மில்லிமீட்டர். என் கைப்பிடியின் அகலம் நாற்பத்தொன்பது புள்ளி ஆறு. வெர்னியரில் மூன்று முறை அளந்து எழுதினேன். வார்னிஷ் மட்டும் பூசவில்லை. பூசினால் வியர்வையில் வழுக்கும். பூசாத மரம்தான் கையைப் பிடித்துக்கொள்ளும்.

போட்டிக்கு ஒன்பது நாள் முன்பு ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் புல்வெட்டும் இயந்திரம், திருகாணி முடுக்கிகள், மனைவியின் தையல் இயந்திரம், கார் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். நான் கைப்பிடியின் இரு பாதிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி மேடையில் வைத்தேன்.

மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, துப்பாக்கி அங்க, பிடி இங்க. பாதிக்கு மட்டும் பூஜை பண்ணா சாமி ஏத்துக்குமா?"

"பிடிய ஏத்துக்கிட்டா போதும். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"அப்போ நல்லா அள்ளி வைங்க. ரெண்டு வருஷமா கஞ்சத்தனமா வச்சுத்தான் கோட்ட விட்டீங்க."

அள்ளித்தான் வைத்தேன். பூசாமல் விட்ட மரம், குழைத்த சந்தனத்தை உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் பார்த்தால் மஞ்சள் கறை ரேகைக்குள் இறங்கியிருந்தது. அதோடு போனால் நண்பர் ஓராண்டுக்குக் கேலி செய்வார். எனவே ஈரத்துணியில் சுற்றி இரவெல்லாம் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். வாரம் முழுதும் மழை. சாமி மேடைக்குப் பக்கத்திலேயே காயவைத்தேன். கறை போய்விட்டது. என் நாட்குறிப்பில் கழுவியதற்கு முந்தைய அளவு இருக்கிறது. பிந்தைய அளவு இல்லை. அளக்கத் தோன்றவே இல்லை.

போட்டியன்று காலை ஆயுத அறையில் துப்பாக்கியை வாங்கி, சோதனை மேசையிலேயே இரு பாதிகளையும் பொருத்தினேன். கருவிகளைச் சோதிப்பவர் இராணுவத்தில் ஓய்வு பெற்றவர், எல்லோரும் அவரைச் சார்ஜன் என்போம். விசையில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார், சரி. பிறகு பெட்டிக்குள் வைத்தார். குழல் இறங்கியது. கைப்பிடி விளிம்பிலேயே நின்றது.

"எறங்கல லா," என்றார். இன்னொரு முறை திருப்பி வைத்தார். "இல்ல. இப்பிடி வுட முடியாது."

வெர்னியரை வாங்கி அளந்தேன். ஐம்பது புள்ளி நான்கு. ரப்பர் மரம் தண்ணீரைக் குடித்தால் உப்பும் என்பது ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"எத்தன மணிக்கு சோதன முடியுது, சார்ஜன்?"

"ஒம்போது. இப்ப எட்டு முப்பத்தஞ்சு."

பின்னால் வரிசையில் நின்ற நண்பர் எட்டிப் பார்த்தார். வலப்பாதியின் அடியில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு குங்குமப் புள்ளி இன்னும் இருந்தது.

"அண்ணே, பொட்டு வச்சு குளிப்பாட்டுனீங்களா இத?"

நான் கட்டைவிரலால் அந்தப் புள்ளியைத் துடைத்தேன்.

"நாற்காலிக் காலு ஒண்ண தண்ணியில போட்டா எங்க பாஸ் என்ன வேலைய விட்டே தூக்கிருவாரு. நீங்க சாமிகிட்டயே குடுத்து ஊற வச்சிருக்கீங்க." சிரித்துக்கொண்டே காருக்குப் போனவர், உப்புத்தாள் மூன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இந்தாங்க, கெர்தாஸ் பாசிர். மொதல்ல மொரடு, அப்புறம் நைஸு. மாத்திப் பிடிச்சிராதீங்க."

"தம்பி, நான் உள்ள வந்தா நீங்க வெளிய போகணும். யோசிச்சுக்குங்க."

"வாங்கண்ணே, சுட்டே தோப்போம். பெட்டியில மாட்டிக்கிட்டு தோத்தீங்கன்னா நான் ஜெயிச்ச மாதிரியா இருக்கும்?"

துப்பாக்கி சார்ஜன் முன்னால் கிடக்க, இடப்பாதியை மட்டும் கழற்றி மண்டபத்தின் திண்டில் உட்கார்ந்தேன். வலப்பாதியைத் தேய்த்தால் ஏழு மாதத்து உள்ளங்கைப் பொருத்தம் போய்விடும். கட்டைவிரல் மேடையின் வெளிப்பக்கத்தில்தான் எடுக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக, சரிசமமாக. முப்பது முறை தேய்த்து அளந்தேன், பின்பு இருபது, பின்பு பத்து. மனம் பயந்திருந்தது, கைக்கு மட்டும் தன் வேலை தெரிந்திருந்தது. எட்டு ஐம்பத்திரண்டுக்கு மறுபடி பொருத்தினேன். சார்ஜன் பெட்டிக்குள் வைத்தார். அது சத்தமில்லாமல் உள்ளே போய்ப் படுத்தது.

"பாஸ்," என்று சொல்லி, பச்சை ஒட்டுத்தாளை ஒட்டினார்.

போட்டியில் அறுபது குண்டுகள், மூன்று பகுதிகள். முதல் பகுதியில் நேரம் தாராளம்: இருநூற்றுக்கு நூற்று எண்பத்தேழு புள்ளி. இருபது விநாடித் தொடர்களில் நூற்று எண்பத்து நான்கு. மூன்றாவது, ஐந்து குண்டுகளைப் பத்து விநாடியில் சுடவேண்டிய பகுதி. நான் இரண்டு ஆண்டும் தோற்றது இங்கேதான். அவசரத்தில் என் கட்டைவிரல் மேடையை அமுக்கும், குண்டு வலப்பக்கம் போகும். அன்று விரலுக்கு அமுக்க அவ்வளவு இடம் இல்லை. அது மெலிந்த மேடையின் உதவியா, ஏழு மாதமாகக் காலி அறையில் சுவரைப் பார்த்துக் கையை நீட்டிப் பழகியதன் பலனா என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். நண்பர் எனக்கு இரண்டு இலக்கு தள்ளி நின்றார். அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடைசித் தொடரில் ஐந்தாவது குண்டு போனபோது நேரம் முடிந்து இலக்கு அப்பால் திரும்பிக்கொள்வதற்கு இன்னும் சில நொடிகள் இருந்தன. அந்த மிச்ச நேரத்தில் குழல் நுனியின் முன்குறி அசையாமல் நின்றதைப் பார்த்தேன். நூற்று எழுபத்தெட்டு.

மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தொன்பது. என் வாழ்நாளில் அதிகம். நண்பர் ஐந்நூற்று நாற்பத்தாறு. அவருக்கும் அதுதான் அதிகம்.

பலகையில் புள்ளிகளை எழுதியதும் அவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது.

"மூணு புள்ளி. வருத்தப்பட ஒண்ணும் இல்லண்ணே, நான் நல்லாத்தான் சுட்டேன். நீங்கதான் சும்மா இருக்க மாட்டேங்கிறீங்க."

"அடுத்த வருஷம் வாங்க, தம்பி."

"வராம? இன்னும் ஆறு வயசு இருக்கு எனக்கு."

வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மனைவி, "நெஜமாவா? அணியிலயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் மறுபடி கேட்டாள். மூன்றாம் முறையும் ஆமாம் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கும் நன்றாக இருந்தது.

மாலையில் அணிப் படிவம் வந்தது. நான்கு வரிகள். முதல் மூன்றிலும் போன ஆண்டுப் பெயர்களே இருந்தன. நான்காவது வரியில் என் பெயரை எழுதி, பக்கத்தில் அடையாள அட்டை எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களையும், அவசரப்படாமல், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒன்றாக எழுதினேன்.